பதினேழு மந்திரம்

உத்தனப்பள்ளி தாண்டி உள்ள போனா, தைலமரத்துக்கு நடுவுல சிஸ்டருங்க நடத்துற ஒரு இல்லம் இருக்கு. வலிப்பு வர்றவங்க, கைகால் சரியில்லாதவங்க, புத்தி வளராதவங்கன்னு அறுபத்தஞ்சு பேரு அங்கயே தங்கி, படிச்சு, தையல் கத்துக்கிட்டு இருக்காங்க. அந்த இல்லத்துக்கு இருபத்திநாலு வருசமா வேன் ஓட்டுறேன். என் பேரு ஆஞ்சப்பன். முட்டி போயிடுச்சு, முதுகு போயிடுச்சு, ஓசூர் ரோட்டுல லாரிக்காரங்ககிட்ட கத்திக் கத்தித் தொண்டையும் போயிடுச்சு. கோவம் மட்டும் குறையாம இருக்கு. இப்ப சொல்றது என் கதை இல்ல, மாதேஸ்வரி கதை. அது வாயத் திறந்து சொல்லாது, அதனால நான் சொல்றேன்.

மாதேஸ்வரிக்குச் சிங்காரப்பேட்டை பக்கம். ரெண்டு ஏக்கரா மானாவாரி வெச்சிருந்த வீடு. காவேரிப்பட்டினத்துல கட்டிக் குடுத்தாங்க. அஞ்சு வருசம் புள்ள இல்லன்னு புருசன் இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்துட்டான். ‘நீயும் ஒரு மூலையில இருந்துட்டுப் போ, யாரு வேணாம்னா’ன்னு மாமியார் சொல்லியிருக்காங்க. மூலையாம் மூலை. நாலு சேலைய ஒரு பையில போட்டுக்கிட்டு மாதேஸ்வரி ஓசூர் பஸ் ஏறிடுச்சு. கம்பெனி வேலை கிடைக்கும்னு நெனப்பு. பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த சிஸ்டர் ஒருத்தங்க பேச்சுக் குடுத்து இல்லத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. பெருக்கித் துடைக்க வந்த மனுசி, ரெண்டாம் வருசமே பொம்பளைங்க வார்டு முழுக்க அது கையிலதான். இருபத்திரெண்டு வருசமாச்சு.

நெத்தியில விபூதி வெச்சுக்கிட்டேதான் சேப்பலுக்கு வரும். சிஸ்டருங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆடியில மாரியம்மனுக்குக் கூழ் ஊத்த ஊருக்குப் போகும், திரும்பி வந்த அன்னிக்கே சாயங்காலம் முட்டி போட்டுச் செபமாலை சொல்லும். ஒரு தடவை நான் கிண்டலாக் கேட்டேன், உனக்கு எந்தச் சாமிதான் கணக்குன்னு. ‘எந்தச் சாமியா இருந்தா என்னண்ணா, இன்னிக்கு ஒருத்தரும் விழாம இருந்தாப் போதும்’னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

எங்க இல்லத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. வெளிய இருக்கறவங்களுக்கு விநோதமா இருக்கும், எங்களுக்கு அதுதான் நடைமுறை. வலிப்பு வந்தவங்களப் புடிக்கிறவங்க கையில வாட்ச், வளையல் எதுவும் இருக்கக் கூடாது, அவங்க மேல பட்டாக் கிழிச்சிடும். கடிகாரம் பாக்கறதுக்குன்னு கண்ணை எடுக்கவும் கூடாது, தலை எங்க மோதுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அதுக்காக இல்லத்த ஆரம்பிச்ச பழைய மதர் ஒரு அளவு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. செபமாலையில சொல்ற மரியே மந்திரத்த நிதானமாச் சொன்னா கால் நிமிசம் ஆகும். நாலு மந்திரம்னா ஒரு நிமிசம். ஆள் விழுந்ததும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கடியில துணி வெச்சு, மந்திரத்த ஆரம்பிக்கணும். இருபதாவது மந்திரத்துலயும் நிக்கலன்னா மூக்குல மருந்து அடிக்கணும். அதுக்கும் நிக்கலன்னா என்னைக் கூப்பிடணும், நான் வண்டிய எடுக்கணும். எல்லாம் முடிஞ்சதும் வார்டு நோட்டுல எழுதணும். தேதி, பேரு, எத்தனை மந்திரம். பெங்களூருல நாங்க போற டாக்டரம்மாவுக்கும் இது அத்துப்படி. நோட்ட வாங்குவாங்க, நாலால வகுப்பாங்க, மாத்திரை எழுதுவாங்க.

சம்பங்கி வந்தப்ப அதுக்கு ஏழு வயசு. ராயக்கோட்டை தாண்டி ஒரு தெலுங்கு பேசுற குடும்பம். அப்பன் ஆத்தா மொத ரெண்டு உகாதிக்கு வந்து பாத்தாங்க, அப்புறம் வரல. புள்ள தமிழ் பேசாது, மாதேஸ்வரிக்குத் தெலுங்கு வராது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கத்துக்கிச்சுங்க.

வந்த மூணாம் மாசம் ரத்தம் டெஸ்டு எடுக்க ரெண்டு பேரையும் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போனேன். நடு வழியில வேன்லயே புள்ளைக்கு வலிப்பு வந்துடுச்சு. வந்தது நிக்கல. கம்பெனிங்க ஷிப்ட் விடுற நேரம், ரோடு முழுக்க பஸ்ஸு. நான் ஹாரனை அழுத்திக்கிட்டே கெட்ட வார்த்தையில திட்டுறேன், ஒருத்தனும் ஒதுங்கல. பின்னால மாதேஸ்வரி புள்ளைய மடியில போட்டுக்கிட்டு மந்திரம் சொல்லுது. அன்னிக்குப் பையில மூக்கு மருந்து இல்ல. நூறைத் தாண்டினதும் எண்ணுறத விட்டுட்டு வெறும் மந்திரமாச் சொல்லிக்கிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர அரைமணிக்கு மேல ஆச்சு. உதடெல்லாம் நீலம். இன்னும் கொஞ்சம் போயிருந்தா புள்ள இல்லன்னு சொன்னாங்க. மாதேஸ்வரி ரெண்டு நாள் சோறு திங்கல. மூணாம் நாள் புள்ளையோட கட்டிலை இழுத்துத் தன் கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுக்கிச்சு.

அதுக்கப்புறம் சம்பங்கிக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஆனா நோட்டுல பாத்தா பதினஞ்சு, பதினேழு, பத்தொம்போதுன்னு இருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் நாலு, அஞ்சு, மிஞ்சிப்போனா ஏழு. இருபதைத் தொட்டா மூக்கு மருந்து வேற, அன்னிக்குப் பூரா புள்ள எந்திரிக்காது. இவ்ளோ நீளமா வருதேன்னு டாக்டரம்மா மாத்திரையக் கூட்டுவாங்க. ஆறு மாசம் கழிச்சுப் போனா மறுபடி கூட்டுவாங்க. புள்ள தூங்கும். கிளாஸ்ல தூங்கும், சோத்துத் தட்டு முன்னால தூங்கும். எட்டாவது பரீட்சைய ரெண்டு தடவை எழுதிச்சு, ரெண்டு தடவையும் பேப்பர் மேல கன்னத்த வெச்சுப் படுத்துடுச்சு. பேச்சு இழுத்து இழுத்து வரும். நோய் அப்படின்னு நான் நெனச்சேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்.

மூணு வருசம் முன்னாடி ஓசூர் சிப்காட்டுல ஒரு கம்பெனி, எங்க பொண்ணுங்கள பேக்கிங் வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொன்னாங்க. ஹாஸ்டல் உண்டு, வாரத்துல ஒரு நாள் லீவு. வலிப்பு இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டு நிமிசத்துக்கு மேல வராதுன்னு டாக்டர் எழுத்து குடுக்கணும், அவ்ளோதான். ரெண்டு பொண்ணுங்க போச்சுங்க. மொத சம்பளத்துல சுடிதார் எடுத்துக்கிட்டு இல்லத்துக்கு வந்து காட்டிச்சுங்க. அன்னையிலருந்து சம்பங்கிக்கு அது ஒண்ணுதான் ஆசை. தூக்கக் கலக்கத்துலயும் அட்டைப்பெட்டி மடிச்சுப் பழகும். மடிச்சதைக் கொண்டாந்து என்கிட்ட காட்டும். ‘இப்படித்தானேண்ணா மடிப்பாங்க?’ எனக்கென்ன தெரியும், நான் வண்டி ஓட்டுறவன். ஆமான்னு சொல்லுவேன்.

மூணு வருசமும் கூட்டிட்டுப் போனேன். மூணு வருசமும் டாக்டரம்மா நோட்டப் பாத்துட்டுத் தலையாட்டினாங்க. நாலு நிமிசத்துக்கு மேல வருதேம்மா, மெசினுக்குப் பக்கத்துல எப்படி அனுப்பறதுன்னாங்க. திரும்பி வரப்ப, அடுத்த வருசம் பாத்துக்கலாம் வுடுன்னு நான் சொல்லுவேன். பாதி வழியிலயே அது தூங்கிடும். மாதேஸ்வரி அது தலையத் தோள்ல சாச்சு வெச்சுக்கிட்டு வெளியவே பாத்துக்கிட்டு வரும்.

இந்த வருசம் தை மாசம் புது நர்ஸ் வந்துச்சு. மோகனப்ரியா, தேனிப் பக்கத்துப் பொண்ணு. அதோட அப்பாவுக்கு இங்க கம்பெனியில வேலை. வாயும் வேகம் கையும் வேகம். வந்த ரெண்டாம் வாரம் தையல் ரூம்ல சம்பங்கி விழுந்துச்சு. மாதேஸ்வரி ஓடிப்போய்ப் புடிச்சு மந்திரத்த ஆரம்பிச்சுச்சு. மோகனப்ரியா எட்டி நின்னு போனைத் தட்டி நேரம் பாத்திருக்கு. வலிப்பு நின்னதும் மாதேஸ்வரி நோட்ட எடுத்து பதினேழுன்னு எழுதிச்சு. அந்தப் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, ‘அக்கா, ஒண்ணே முக்கா நிமிசம்தானே ஆச்சு’ன்னு கேட்டிருக்கு. உன் போன் சரியில்லம்மான்னு மாதேஸ்வரி சொல்லிடுச்சு.

நாலு நாள் கழிச்சு வீரலட்சுமிக்கு வந்துச்சு. அம்பது வயசு, இல்லத்துல ரொம்ப வருசமா இருக்கறவங்க. மோகனப்ரியா மறுபடியும் போனைத் தட்டுச்சு. அதே ஒண்ணே முக்கா நிமிசம். மாதேஸ்வரி எழுதினது ஏழு.

மோகனப்ரியா அன்னிக்குச் சாயங்காலம் வேன் நிக்கற எடத்துக்கு மாதேஸ்வரியக் கூட்டிட்டு வந்துச்சு. நான் உள்ள உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். ‘அண்ணே, நீங்க ஒரு சாட்சிக்கு இருங்க’ன்னு போனை என் கையில குடுத்துச்சு. அக்கா ஒரு மந்திரம் சொல்லுங்கன்னுச்சு. மாதேஸ்வரி சொல்லுச்சு. பதினஞ்சு செகண்டு. மதர் சொன்ன கால் நிமிசம், சுத்தமா. சரி, இப்பக் கண்ணை மூடிக்குங்க, சம்பங்கி உங்க மடியில கெடக்குன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்கன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, என்னம்மா நாடகம்னு. மாதேஸ்வரி கண்ணை மூடுச்சு. உதடு மட்டும் அசையுது. வார்த்தை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஓடுது. ஆறு செகண்டு.

நான் போனைக் காட்டல, ஆனா மாதேஸ்வரி என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கிச்சு. கீழ உக்காந்துடுச்சு. அந்த வேன்ல, அந்த ரோட்டுல நூறு மந்திரம் சொன்ன அன்னையிலருந்து சம்பங்கிக்கு மட்டும் அதுக்கு வாய் ஓடுது. பயத்துல ஓடுது. ஒண்ணே முக்கா நிமிசம் நாலு நிமிசமாகி நோட்டுல ஏறியிருக்கு. நோட்டப் பாத்து மாத்திரை ஏறியிருக்கு. யாரு மேல உசிரையே வெச்சிருந்துச்சோ அந்தப் புள்ளையத்தான் பதினாறு வருசம் தூங்க வெச்சிருக்கு. யாரத் திட்டுறதுன்னு தெரியல, டீ டம்ளரத் தூக்கி எறிஞ்சேன்.

‘விடுங்கக்கா. இனிமே போன்ல பாப்போம். பழசு யாருக்கும் தெரிய வேணாம்’னு மோகனப்ரியா சொல்லுச்சு. நானும் அதையேதான் சொன்னேன். சொல்லி என்னாகப்போகுது, போன வருசம் திரும்பி வருமா?

‘அது தூங்குன தூக்கம்ணா. எதுக்குத் தூங்கினோம்னு அதுக்குத் தெரிய வேணாமா?’ன்னு மாதேஸ்வரி கேட்டுச்சு.

மறுநாள் சிஸ்டர்கிட்ட அதுவே போய்ச் சொல்லுச்சு. அடுத்த வாரம் பெங்களூருக்குப் போனோம், மாதேஸ்வரி, சம்பங்கி, நான். சம்பங்கிய வெளிய பெஞ்சுல உக்கார வெச்சிட்டு மாதேஸ்வரி என்னையும் உள்ள கூட்டிட்டுப் போச்சு, கன்னடத்துல எங்கயாவது தடுமாறினா எடுத்துச் சொல்லணும்னு. தடுமாறவேயில்ல. ஒண்ணுவிடாம எல்லாத்தையும் சொல்லுச்சு. டாக்டரம்மா பேனாவ மூடி வெச்சிட்டாங்க. மத்தவங்களுக்குச் சரியாச் சொல்ற நீங்க இதுக்கு மட்டும் ஏன்னு கேட்டாங்க.

‘அது விழுந்தா எனக்கு அது ஒரு நிமிசமா இருந்ததே இல்லைங்க’ன்னு மாதேஸ்வரி சொல்லுச்சு.

டாக்டரம்மா நோட்ட எடுத்துப் பழைய பக்கத்தையெல்லாம் திருப்பிப் பாத்தாங்க. நானாவது ஒரு தடவை வாட்ச் வெச்சுப் பாக்கச் சொல்லியிருக்கணும்னாங்க. மாத்திரைய ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும், அஞ்சு மாசம் போனைப் பாத்து நேரம் எழுதிக் கொண்டாங்க, ரெண்டு நிமிசத்துக்குள்ள இருந்தா எழுத்து தரேன்னாங்க.

திரும்பறப்ப அத்திப்பள்ளிகிட்ட வழக்கம்போல ட்ராபிக். வண்டி நகரல. அங்க வெச்சுத்தான் மாதேஸ்வரி சம்பங்கிகிட்ட சொல்லுச்சு. பூசி மெழுகல. நான் தப்பா எண்ணிட்டேன், அதனால உனக்கு மாத்திரை ஜாஸ்தி குடுத்தாங்க, தூக்கம் நோயால இல்ல, மாத்திரையாலன்னு சொல்லுச்சு.

சம்பங்கியால எதையும் நிதானமாத்தான் புரிஞ்சிக்க முடியும். நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தேன்.

‘அப்ப போன வருசமே எழுத்து குடுத்திருப்பாங்களாக்கா?’

‘குடுத்திருப்பாங்க.’

‘அதுக்கு முந்தின வருசம்?’

‘அப்பவும்தான்.’

‘எட்டாவது பரீட்சையில படுத்துட்டேனே, அது?’

மாதேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு.

‘சொல்லுக்கா.’

‘மாத்திரைதான் சாமி.’

பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். சம்பங்கி என்னைக் கூப்பிட்டு, அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்கன்னுச்சு. நிறுத்தினேன். எறங்கி முன்னாடி வந்து என் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிச்சு. உத்தனப்பள்ளி வர்ற வரைக்கும் அது தூங்கல. அழுகையும் இல்ல. முன்னாடி போற வண்டி நம்பரையெல்லாம் வாய்க்குள்ள படிச்சிக்கிட்டே வந்துச்சு.

மாத்திரை எறங்க எறங்க அந்தப் புள்ள முழிச்சுக்கிச்சு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சாம்பார்ல உப்பு இல்லன்னு சமையல்காரங்ககிட்ட சண்டை போட்டுச்சு. தையல் கிளாஸ்ல ஜாக்கெட் வெட்டுச்சு. எனக்கே பதில் சொல்ல ஆரம்பிச்சுச்சு, ஏன்ணா எப்பப் பாத்தாலும் ரோட்டுல கத்துறீங்க, அவங்க காதுல விழவா போகுதுன்னு. பதினாறு வருசமா என் வண்டியில வர்ற புள்ளைக்கு இவ்ளோ வாய் இருக்குன்னு எனக்குத் தெரியாது. எல்லார்கிட்டயும் பேசுச்சு, மாதேஸ்வரிகிட்ட தவிர. கட்டில வார்டோட அந்தக் கோடிக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு. மாதேஸ்வரி பாட்டுக்குக் காலையில வெந்நீர் வெச்சிட்டு வரும், தலைக்கு எண்ணெய் கிண்ணத்த வெச்சிட்டு வரும். சம்பங்கி எண்ணெயத் தானே தேச்சு, தானே பின்னிக்கும்.

சிஸ்டர் கூப்பிட்டுப் பேசினாங்க. ஏழு எழுபது தடவை மன்னிக்கச் சொல்லியிருக்காரு ஆண்டவர்னு எடுத்துச் சொன்னாங்க. ‘மன்னிச்சிட்டேன் சிஸ்டர். பேசத்தான் வரல’ன்னுச்சாம்.

அஞ்சு மாசத்துல ரெண்டு தடவைதான் வலிப்பு வந்துச்சு. ரெண்டுமே ஒண்ணே முக்கா நிமிசத்துக்குள்ள. மாதேஸ்வரிதான் புடிச்சுது, மோகனப்ரியா நேரம் பாத்துச்சு. டாக்டரம்மா எழுத்து குடுத்துட்டாங்க.

போன ஆவணியில ஆபீஸ் ரூம்ல வெச்சு கம்பெனி பாரத்த எழுதினாங்க. சம்பங்கியே எழுதிச்சு, எழுத்து கோணலா இருந்தாலும் தூங்காம எழுதிச்சு. கடைசியில ஒரு கட்டம், உடம்புக்கு முடியலன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு. மாதேஸ்வரி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முந்தின நாள்தான் கிருஷ்ணகிரி போய்ப் புது பேட்டரி போட்டுக்கிட்டு வந்துச்சு, பழைய போன் பாதியில அணைஞ்சிடுதுன்னு. சம்பங்கி என்னைப் பாத்து, அண்ணா உங்க நம்பர் சொல்லுங்கன்னுச்சு.

சொன்னேன். வெளிய வந்ததும் எனக்குப் பொறுக்கல. ஏம்மா, அந்தக் கட்டத்துலயாவது மாதேஸ்வரி நம்பரப் போட்டா என்ன கொறஞ்சா போயிடுவேன்னு கத்திட்டேன்.

‘அவங்க பயம் எனக்கு வேணாம்ணா. அதத்தான் இத்தனை வருசம் தின்னிருக்கேன்’னுச்சு சம்பங்கி.

அது சொல்றதும் ஞாயம்தான். ஓசூர்ல ஹாஸ்டல் வாசல்ல பெட்டியோட எறக்கிவிட்டுட்டு வந்தேன்.

போன மாசம் மத்தியானம் மூணு மணி இருக்கும். வேனைக் கழுவிக்கிட்டு இருந்தேன், போன் வந்துச்சு. ஹாஸ்டல் வார்டன். சம்பங்கிக்கு கம்பெனியில பேக்கிங் லைன்ல வலிப்பு வந்துச்சு, ஒரு நிமிசம் பத்து செகண்டு, பக்கத்துப் பொண்ணே ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிடுச்சு, இப்ப நல்லா இருக்கு, சொல்லணும்ங்கறது எங்க ரூல்ஸ்னாங்க. நான் சம்பங்கிக்கு என்னாச்சு, என்னாச்சுன்னு சத்தம் போட்டுட்டேன். அதுக்குள்ள சம்பங்கியே போனை வாங்கிடுச்சு. குரல் கொஞ்சம் கம்மியிருந்துச்சு.

‘ஒண்ணுமில்லண்ணா. செத்த நேரம் படுத்துட்டு மறுபடி லைனுக்குப் போயிடுவேன். யாரும் வரவேணாம்.’

போனை வெச்சிட்டுத் திரும்பறேன், மாதேஸ்வரி வேனுக்குள்ள உக்காந்திருக்கு. என் சத்தம் கேட்டு வார்டுலருந்து ஓடி வந்து ஏறியிருக்கு. மடியில பை. பையில துண்டு, மாத்துத் துணி, தண்ணி பாட்டில்.

‘வரவேணாமாம்’னு சொன்னேன்.

‘வார்டனா சொன்னாங்க?’

‘சம்பங்கியே சொல்லுச்சு.’

‘எவ்ளோ நேரம் வந்துச்சாம்?’

‘ஒரு நிமிசம் பத்து செகண்டு.’

சரிண்ணான்னுச்சு. எறங்கும்னு பாத்தேன், எறங்கல. குழாயத் திறந்து வெளிப்பக்கம் மட்டும் கழுவ ஆரம்பிச்சேன். கண்ணாடியில தண்ணி வழியறப்ப உள்ள அது பையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. முன்பக்கம் கழுவி, ரெண்டு பக்கமும் கழுவி, சக்கரம் நாலையும் கழுவினேன். அஞ்சு மணிக்கு மாத்திரை குடுக்கற மணி அடிச்சாங்க, அப்புறம்தான் எறங்கி வார்டுக்குப் போச்சு.